தப்பு என் மேலதானுங்க ஃபாதர்

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவன் செய்யாத ஒரு தப்பின்மேல் ஒரு தடவை அவன் பெயர் ஏறியது என்னால்தான், அது போதும். பள்ளிக்கூடத்திலும் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் லீடர், அவன் அசிஸ்டெண்ட். வாத்தியார்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கோயமுத்தூரில் பாதிரிமார் நடத்துகிற ஆண்கள் பள்ளி அது. வருடா வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பேரைப் பிடித்து, கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்து, எல்லார் முன்னாலும் சத்தியம் வாங்கி, நெஞ்சில் பேட்ஜ் குத்திவிடுவார்கள். என்னை ஏன் லீடராக்கினார்கள் என்று எனக்கே வெகு நாள் விளங்கவில்லை. பயப்படுகிறவன் வேலையை ஒழுங்காகச் செய்வான் என்று ஹெச்.எம். ஃபாதர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கணக்கு தப்பில்லை. வகுப்பறைப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இன்றைக்கும் பட்டறையைச் சாத்திவிட்டுப் பாதி வழி போனவன், லேத் மெஷின் சுவிட்சை அணைத்தேனா என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறேன்.

அவன் வேறு மாதிரி. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம். அவன் அப்பா தோப்புகளில் தேங்காய் உரிக்கப் போகிறவர். பரம்பரையாகவே கிறிஸ்தவக் குடும்பம். பாதிரிமார் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். அவனிடம் இரண்டே வெள்ளைச் சட்டைதான். போசிப் பாத்திரத்தில் சுடுதண்ணீரை ஊற்றி அதன் அடிப்பாகத்தால் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவான், பள்ளியிலேயே அவன் சட்டைதான் மடிப்புக் கலையாமல் இருக்கும். மத்தியானம் ஹாஸ்டல் சாப்பாட்டை முடித்துவிட்டு, என் டிபன் பாக்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான். "உங்கம்மா இன்னைக்கு என்ன கொழம்பு வெச்சுது லீடரே? நா சும்மா மோந்து பாக்கறேன், நீ சாப்புடு" என்பான். பாதி போய்விடும்.

அவனை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது அந்த ஒரு வாக்கியம்தான். "தப்பு என் மேலதானுங்க ஃபாதர்." அந்த வருடத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது.

காலையில் கேட்டைச் சாத்துவதும், தாமதமாக வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதுவதும் எங்கள் வேலை. மூன்று தடவை பெயர் ஏறினால் வீட்டிலிருந்து ஆள் கூட்டிவர வேண்டும். மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து வருகிற பஸ் ஏதாவது ஒன்று தினமும் தாமதமாகும். நான் எழுதிக்கொண்டே போவேன். ஒரு பெயர் விடமாட்டேன். அவன் அந்த நோட்டைப் பார்ப்பான், வரிசையில் நிற்கிற பையன்களின் மூஞ்சியைப் பார்ப்பான், பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு நேராக ஹெச்.எம். ரூமுக்குப் போவான். பின்னாலேயே நானும் ஓடுவேன்.

"பெல்லை ரெண்டு நிமிசம் முன்னாலயே அடிச்சுப்போட்டனுங் ஃபாதர். தப்பு என் மேலதானுங்க."

"இந்த மாசத்துல இது எத்தனாவது தடவ?"

"நாலாவதுங் ஃபாதர்."

"உன் வாட்சைக் கழட்டிக் குடு, பாக்கலாம்."

"வாட்ச் இல்லீங் ஃபாதர். அதனாலதானுங்க தப்பாயிருது."

ஃபாதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். திரும்பியபோது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, கிரவுண்டைச் சுற்றியுள்ள வேப்பமரங்களுக்கு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அவன் அந்த வாரம் முழுவதும் குடம் தூக்கினான். மாட்டியிருக்க வேண்டிய பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். "அசிஸ்டெண்ட் இருக்கறவரைக்கும் நமக்கு என்னடா, நாளைக்கு ஜன்னலையே கழட்டீட்டுப் போலாம்" என்று ஒருவன் சொன்னதற்கு அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இப்படி ஒருத்தன் இருந்தால் யாருக்கும் கடைசி வரை ஒன்றுமே உறைக்காதே என்று கவலையாக இருந்தது. அந்தக் கவலை மற்றவர்களைப் பற்றியது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

ஆண்டு விழாவில் வரவேற்புரை என்னுடையது. பத்து நாள் மனப்பாடம் செய்தேன். மேடையில் ஏறி, மைக் முன்னால் நின்று, "பெருமதிப்பிற்குரிய" என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. யார் பெருமதிப்பிற்குரியவர் என்று மறந்துபோனது. முன் வரிசையில் என் அப்பா புதுச்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் மைக் செத்தது. அவன் ஓரத்திலிருந்து தாவி மேடைக்கு ஏறி வந்து, ஒயரைப் பிடித்துக் கொண்டு என் காலடியில் குனிந்தான். குனிந்தபடியே, "மறைமாவட்டத்திலிருந்து வந்திருக்கும்னு ஆரம்பி. அப்பறம் தாளாளர். அப்பறம் பெற்றோர்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். என் பேச்சு அவனுக்கும் மனப்பாடமாகியிருந்தது, தினமும் அவனிடம்தானே ஒப்பித்தேன். மைக்குக்கு உயிர் வந்தது. பேசி முடித்தேன். விழா முடிந்து ஒயரைப் பிடுங்கியது யார் என்று டிரில் மாஸ்டர் கத்தியபோது, "கால் தடுக்கீருச்சுங் சார், தப்பு என் மேலதானுங்க" என்று போய் நின்றான். கன்னத்தில் ஒன்று விழுந்தது.

அன்றைக்கு அவனிடம் கேட்டேன். "ஏண்டா எல்லாத்தையும் நீயே இழுத்துப் போட்டுக்கற?"

"எனக்குத் திட்டு விழுந்தா அஞ்சு நிமிசத்துல மறந்துருவேன் லீடரே. உனக்கு விழுந்தா நீ ராத்திரி தூங்க மாட்டே. ஆரு வாங்குனா நட்டம் கம்மியோ அவன் வாங்கிக்கறது. போச்சாது உடு."

பன்னிரண்டாவது முடித்ததும் குருமடத்தில் சேர்ந்து சாமியாராவது, அதாவது ஃபாதராவது என்று அவன் முடிவு செய்திருந்தான். முடிவு அவனுடையதா, அவன் அம்மாவுடையதா தெரியாது, ஆனால் அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் குரல் இறங்கிவிடும். "எங்கம்மா இப்பவே என்னை வாடா போடாங்கறத உட்டுப்போட்டுது. போன லீவுக்குப் போனப்ப வாங்க சாப்புடுங்கங்குது. எனக்குக் கூச்சமாப் போச்சு" என்றான். ஹெச்.எம். ஃபாதர் கடிதம் கொடுத்தால்தான் குருமடத்தில் எடுப்பார்கள். அந்தக் கடிதம் எழுதுவதாக ஃபாதரும் சொல்லியிருந்தார்.

பள்ளியின் பாதுகாவலரான புனிதரின் திருவிழாப் பூசை அந்தச் சமயத்தில்தான் வந்தது. என்னைப் போன்ற இந்துப் பையன்கள் பூசையின்போது கடைசி பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்போம். ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான். லீடர் மன்றாட்டு ஜெபம் வாசிக்க வேண்டும் என்பதால் அன்றைக்கு என்னை முன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அந்தப் பெஞ்சில் எனக்கும் அசிஸ்டெண்டுக்கும் இரண்டே இடம், இரண்டே பாட்டுப் புத்தகம். அவன் பீடத்தில் பூசை உதவிக்குப் போயிருந்தான். வாசித்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நன்மை என்று அவர்கள் சொல்கிற நற்கருணை அப்பம் கொடுக்கும் நேரம் வந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டும் வாங்குவது அது. பக்கத்துப் பெஞ்சில் ஆசிரியர்கள் எழுந்தார்கள். முன்னால் இருக்கிற நான் மட்டும் எழாமல் இருந்தால் எண்ணூறு பேரும் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. எழுந்தேன். எழுந்தவன் வரிசையில் நின்றேன். வரிசை என்னைத் தள்ளிக்கொண்டு போனது.

கொடுத்தவர் வெளியூரிலிருந்து வந்திருந்த ஃபாதர். அவருக்கு என்னைத் தெரியாது. அவர் பக்கத்தில், கீழே விழாமல் இருக்கத் தட்டுப் பிடித்துக்கொண்டு நின்றவன் அசிஸ்டெண்ட். என்னைப் பார்த்ததும் அவன் கண் பெரிதானது. வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். ஃபாதர் அந்த வெள்ளை அப்பத்தை என் கையில் வைத்தார். அவன் என் கைக்குக் கீழே தட்டை நீட்டிப் பிடித்தான்.

எல்லாரும் அங்கேயே வாயில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு முடியவில்லை. அது வெறும் அப்பம் இல்லை, அவர்களுக்கு அது கடவுளின் உடல் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். சாப்பிட்டால் அவர்களுக்குச் செய்கிற பாவமா, எங்கள் வீட்டுச் சாமிக்குச் செய்கிற பாவமா என்று தெரியவில்லை. உள்ளங்கையில் மூடிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தேன். கை வேர்த்தது. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து உள்ளே வைத்து மூடினேன். பூசை முடிந்ததும் பாத்ரூமுக்கு ஓடிப்போய் நின்றுகொண்டேன்.

அரை மணி நேரத்தில் புத்தகங்களை அடுக்கிய கோயில்காரர் கண்டுபிடித்துவிட்டார்.

ஹெச்.எம். ஃபாதர் ரூமில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். மேஜைமேல் ஒரு வெள்ளைத் துணி, அதன்மேல் அந்தப் புத்தகம் திறந்தபடி. அப்பம் தாளோடு ஒட்டிப் போயிருந்தது. ஃபாதர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் அழுதிருந்தார். வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இது யாரோட புத்தகம்?"

உள்ளே வருவதற்கு முன்பே வராந்தாவில் அவன் என் முழங்கையைப் பிடித்து, "பொட்டாட்ட இரு, வாயத் தொறக்காத" என்று சொல்லியிருந்தான்.

"என்னுதுங் ஃபாதர்" என்றான். "காலைல இருந்து ஒண்ணும் சாப்புடல. நன்ம வாங்குனதும் வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு. அப்பறமா எடுத்துக்கலாம்னு வெச்சேன். மறந்துபோட்டேன்."

"நீயா?"

"தப்பு என் மேலதானுங்க ஃபாதர்."

ஃபாதர் அவனை வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "லீடர், உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

என் நெஞ்சில் பேட்ஜ் இருந்தது. முந்தைய வாரம்தான் அப்பா அதோடு என்னை நிற்க வைத்து ஸ்டுடியோவில் போட்டோ எடுத்திருந்தார். "தெரியலீங் ஃபாதர்" என்றேன்.

ஒரு வாரம் அவன் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை கோயிலில் முட்டி போட வேண்டும் என்பது தண்டனை. பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரியும். தினமும் அங்கே நின்று, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஹெச்.எம். ரூம் வரை போவேன். ஃபாதர் கதவைத் திறந்தே வைத்திருப்பார். நிமிர்ந்து பார்ப்பார். "என்ன லீடர்?" என்பார். கேட் சாவியைப் பற்றியோ, சாக்பீஸ் பற்றியோ ஏதாவது கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

அந்த வாரம் முடிந்து இரண்டு நாள் கழித்து அவனிடம், "லெட்டர்?" என்று கேட்டேன்.

"குடுக்க முடியாதுன்னுட்டாரு. போச்சாது உடு."

"நா போய்ச் சொல்லீர்றன்டா."

"இனிச் சொல்லி? நா சொன்ன பொய்யும் சேந்து வெளிய வரும். ரெண்டு பேரும் மாட்டறக்கா? பொட்டாட்ட இரு லீடரே."

அவன் அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை மறைத்துப் பிரயோஜனமில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அடுத்த நாளிலிருந்து அவன் எப்போதும்போல டிபன் பாக்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எப்போதும்போல லீடரே என்று கூப்பிட்டான். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் படிப்பை முடித்திருப்பேன் என்று நினைக்கிறேன். பொங்கல் லீவு விட்டது, நான் திரும்பிப் போகவில்லை. தலை சுற்றுகிறது, படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் அடம் பிடித்தேன். அப்பா அடித்தார், பிறகு அழுதார், பிறகு பெரியநாயக்கன்பாளையத்தில் மாமாவின் லேத் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். பேட்ஜைத் தபாலில் அனுப்பினேன்.

இரண்டு சனிக்கிழமை அவன் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தான். முதல் தடவை, வாசலில் அவன் குரல் கேட்டதும் மோட்டார் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"ஏனுங்ம்மா, லீடர் இருக்கானுங்களா?"

"அவன் ஊர்ல இல்லையே கண்ணு. சாப்புட்டுட்டுப் போ."

அம்மா அவனுக்குச் சோறு போட்டாள். அவன் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது சுவர் வழியாக எனக்குக் கேட்டது. பாட நோட்டுகளை வைத்துவிட்டுப் போனான். எனக்காகத் தனியாக உட்கார்ந்து எழுதியவை. இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது சனிக்கிழமை வரவில்லை. பரீட்சை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவனை ஒரே ஒரு தடவை பார்த்தேன். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் இருக்கும். அம்மாவுக்கு மூட்டு வலி என்று ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தேன். டோக்கன் கொடுக்கிற மேஜையில் அவன். தலை முன்பக்கம் வழுக்கையாகியிருந்தது. சட்டை மட்டும் அதே மடிப்பு. டாக்டர் வரத் தாமதமாகி, கூட்டத்தில் ஒரு பெரியவர் கத்திக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்குங்க ஐயா. டாக்டர் மேல தப்பில்லீங்க. நாந்தான் நேரத்த மாத்திச் சொல்லிப்போட்டேன்" என்று அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெரியவர் இன்னும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு உட்கார்ந்தார். அவன் அடுத்த டோக்கனைக் கிழித்தான்.

நான் அம்மாவை எழுப்பி வெளியே கூட்டி வந்துவிட்டேன். "ஏண்டா, நம்ம நம்பர் வரப்போகுதே" என்றாள். இந்த டாக்டர் சரியில்லையாம் என்றேன். கால் வலியோடு அவளை இன்னொரு கிளினிக் தேடி நடக்க வைத்தேன்.

போன மாசம் பட்டறைக்கு வந்த பழைய கிளாஸ்மேட் ஒருவன், பேச்சோடு பேச்சாக, "நம்ம அசிஸ்டெண்ட் போயிட்டானப்பா, தெரியாதா? அட்டாக்கு. கிளினிக்லயே, சேர்ல உக்காந்தமேனிக்கே" என்றான். நான் ஓடிக்கொண்டிருந்த மெஷினை அணைக்காமல் நின்றேன். அடக்கம் முடிந்திருந்தது. முப்பதாம் நாள் பூசையும் முடிந்த பிறகுதான் எனக்கு அவன் வீட்டுக்குப் போகக் கால் வந்தது. கவுண்டம்பாளையத்தில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது சந்து. பட்டறை வேலையாக நான் தினமும் போகிற வழி.

அவன் மனைவி கதவைத் திறந்தார். கூடப் படித்தவன், பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வந்தேன் என்றேன். உள்ளே கூப்பிட்டு, பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். உள்ளறையில் மகள் படித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க லீடருங்களா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. "பெரியநாயக்கன்பாளையத்துல இருந்து வந்தேன்னீங்களே. லீடர் அங்கதான் இருக்கான்னு சொல்லுவாரு."

நான் தலையாட்டினேன்.

"அப்ப உங்களக் கேக்கலாமுங்க. இவரு ஏன் சாமியாராப் போகலைன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? நான் கேட்டா, அங்க ஒரு தப்புச் செஞ்சுபோட்டேன்னு சிரிப்பாரு. எங்க கல்யாணப் பூசைய உங்க ஹெச்.எம். ஃபாதர்தானுங்க வெச்சாரு, இப்ப அவரும் இல்லீங்க. அன்னைக்கு எங்கிட்டத் தனியாச் சொன்னாரு. 'இவன் அதைச் செய்யலைன்னு எனக்கு அப்பவே தெரியும். செஞ்சவன் வந்து சொல்லீருவான்னு ஒரு வாரம் அந்த லெட்டரை மேஜ மேலயே வெச்சிருந்தேன். கதவக்கூடச் சாத்தல. யாரும் வரல. பொய் சொல்லி அடுத்தவனக் காப்பாத்தற ஆள நான் எப்படி அனுப்பறதுன்னு கிழிச்சுப்போட்டேன்'னாரு." உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அது ஆருன்னு இவரு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லீங்க."

எனக்கு வந்தது பயம்தான். இந்த வயதிலும் அதே பயம். தம்ளரைக் கீழே வைத்தேன்.

"நாந்தானுங்க."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. அந்தம்மா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முழுக் கதையையும் சொன்னேன், வரிசையில் நின்றது முதல் மோட்டார் ரூம், கிளினிக் வரை.

முடித்ததும் சொன்னார். "அன்னைக்கு நீங்க போய்ச் சொல்லியிருந்தா அவரு குருமடத்துக்குப் போயிருப்பாருங்க. எனக்குக் கெடச்சிருக்க மாட்டாரு. இந்தப் புள்ளையும் இல்ல. உங்களத் திட்டறக்கு எனக்கு வாய் வர மாட்டீங்குதுங்க."

எனக்குள் ஏதோ இறங்கியது. இருபத்தைந்து வருடமாகச் சுமந்ததை யாரோ ஒரு கை பிடித்து வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாரேனுங்க என்று எழுந்தேன். அவர் கேட் வரை கூடவே வந்தார்.

"பெரியநாயக்கன்பாளையத்துல இருந்து இங்க வரதுக்கு எத்தன நேரமாகுமுங்க?"

"அரை மணி நேரமுங்க."

அவர் கொக்கியைக் கையில் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தினமும் ஏழு மணிக்கு மேல, நீங்க இப்ப உக்காந்திருந்தீங்களே, அந்தச் சேர்லதானுங்க உக்காந்திருப்பாரு" என்றார். "கதவு தொறந்தேதானுங்க இருக்கும்."